கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க 'சாம்' அங்கீகாரம் உள்ள லேப்தான் வேண்டுமா?

இடியாப்பக் கடை, சுங்கை சிப்புட்
வணக்கம். தோட்டத்து ஓரத்தில் இடியாப்பம், வடை செய்து கடைகளுக்குப் போடுகிறோம். பைப் தண்ணீர் அடிக்கடி நிற்பதால் போர் கிணறுதான். தண்ணீரைச் சோதிக்க இரண்டு லேப்களிடம் விலை கேட்டேன். ஒன்று பாதி விலை. 'ஐஎஸ்ஓ 9001 இருக்கு' என்கிறார்கள். இன்னொன்று சாம் (SAMM, மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றது. ஏன் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டும்?

நீர்ச்சோதனை
அக்கா, 9001 பார்ப்பது நிர்வாக ஒழுங்கை. லேப் ஈயத்தைச் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது ஐஎஸ்ஓ 17025. அரசுத் துறையான ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா அதன்படி சோதித்துத்தான் சாம் அங்கீகாரம் கொடுக்கிறது: கருவியின் அளவுத்திருத்தம், ஆட்களின் திறமை, மற்ற லேப்களோடு முடிவு ஒத்துப்போகிறதா, எல்லாமே.

ஆனால் அங்கீகாரம் லேப் முழுவதற்கும் இல்லை, சோதனை வாரியாகத்தான். உணவில் ஈ. கோலை கிருமிச் சோதனைக்கு வாங்கியிருந்தால் தண்ணீருக்குச் செல்லாது. ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா வலைத்தளத்தில் லேப் பெயரைத் தேடி, 'தண்ணீர்' என்பதன் கீழ் உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு சோதனையும் இருக்கிறதா பாருங்கள்.

லேப் காணக்கூடிய குறைந்தபட்ச அளவையும் கட்டாயம் கேளுங்கள். குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். லேபால் 0.05-க்குக் கீழே பார்க்க முடியாதென்றால், வரம்பைப்போல் நாலு மடங்கு ஈயம் இருந்தாலும் 'காணப்படவில்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். மலிவு விலையில் பெரும்பாலும் அடிபடுவது இதுதான்.

மாதிரி எடுப்பவர்
எந்த லேபானாலும் தண்ணீர் பிடிப்பதில் தவறினால் காசு வீண். கிருமிச் சோதனைக்கு லேப் தரும் கிருமிநீக்கிய பாட்டில் மட்டுமே. அதைக் கழுவக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டவே கூடாது. தொட்டியில் குளோரின் போட்டிருந்தால் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் உள்ள பாட்டில் கேளுங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீரும் சுத்தமாகத் தெரியும்.

இரும்புக்குத் தனி பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் இருக்கும். அமிலம் இல்லையென்றால் இரும்பு துருவாகப் படிந்து அளவு குறைந்து காட்டும்.

இடியாப்பக் கடை, சுங்கை சிப்புட்
நன்றி. சில சோதனையை வெளி லேபுக்கு அனுப்புவார்களாமே?

நீர்ச்சோதனை
அனுப்பலாம், ஆனால் உங்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த லேப், அதற்கு அந்தச் சோதனையில் அங்கீகாரம் உண்டா என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட் வந்ததும் அடிக்குறிப்பைப் படியுங்கள். அங்கீகாரத்தில் சேராத சோதனை இருந்தால் அங்கேதான் குறித்திருப்பார்கள்.