பந்து விளையாட்டுச் சோதனை: அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, மனச்சோர்வு உள்ளவர்களின் மூளை புறக்கணிப்பை எப்படி எதிர்கொள்கிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ‘சைபர்பால்’ சோதனையைப் பயன்படுத்துகிறேன்: திரையில் மூவர் பந்து வீசுவார்கள், சற்று நேரத்தில் மற்ற இருவரும் பங்கேற்பாளருக்குப் பந்து தருவதையே நிறுத்திவிடுவார்கள். உண்மையான ஆட்கள் என்று பங்கேற்பாளர் நம்பும் அந்த இருவரும் வெறும் கணினி நிரல்தான். 2003-இல் எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் இதை ஆடவைத்தபோது, உடல்வலியோடு தொடர்புடைய முன்புற சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதி தூண்டப்படுவது தெரியவந்தது.

சிக்கல் வேறு. முன்னோட்டத்தில் ஒருவர், “இது கம்ப்யூட்டர்தானே?” என்று சிரித்தார். அவரைப் பற்றிக் கவலையில்லை. இன்னொருவரோ உண்மையைச் சொன்ன பிறகும், “எனக்கு எப்போதும் இப்படித்தான்” என்று முகம் வாடிப்போனார்.

நோயாளிகளிடம் இதைச் செய்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் உண்மையை எந்தச் சொற்களில் விளக்கினீர்கள்? கடைசியில் எல்லோரும் பந்து தரும் ஒரு சுற்றைச் சேர்த்தால் பலன் உண்டா? நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பப் பத்து நாள்தான் இருக்கிறது.