பைங்கூழும் களையும்: கொல்லாமை வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை மாவட்டம்:

மத்தியச் சிறை ஒன்றில் கைதிகளுக்காக நடக்கும் பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதவிருந்த பதினான்கு பேரில் பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அவர்கள் முன் நின்று ‘கொல்லாமை’ அதிகாரத்தை நடத்த எனக்குத் தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த அதிகாரத்தை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட மாணவர்களை வெளியே எந்தப் பள்ளியிலும் நான் கண்டதில்லை.

அது 2011 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9 அன்று வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் செய்தித்தாள் கைமாறிக்கொண்டிருந்தது. நான் 327ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதினேன்: “தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை.” தன் உயிரே போவதாக இருந்தாலும் பிற உயிரைப் போக்கும் செயலைச் செய்யக்கூடாது என்று பொருள் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதைக் கடந்த டெல்டா விவசாயி. செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. அத்தகைய தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே நிறைவேற்ற முடியும் என்பதால், தீர்ப்புக்காகப் பல மாதங்கள் தனிக்கொட்டடியில் காத்திருந்தவர். பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. சிறை நூலகத்திலிருந்து எடுத்த குறள் புத்தகத்தில் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளை விரலால் தொட்டுக்காட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: “கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.” கொடியவர்களை வேந்தன் ஒறுப்பது, பசும்பயிரில் களை எடுப்பதற்கு நிகர் என்கிறது அது.

கொல்லாமை துறவறவியலில் வருவது, இது பொருட்பாலில் அரசனுக்குச் சொன்னது என்று, கல்லூரியில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விடையை நான் அப்படியே சொன்னேன். “அப்படியானால் துறவிக்குச் சொன்னதைத்தானா ஐயா இத்தனை நாளாக எங்களுக்கு நடத்தினீர்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. “கீழ்க் கோர்ட்டில் நான் களையாக இருந்தேன். மேல் கோர்ட்டில் பயிராகிவிட்டேனா? எங்கள் வயலில் குதிரைவாலிப் புல் கதிர் வருகிற வரைக்கும் நெல்லைப் போலவேதான் இருக்கும். கைப்பழக்கம் உள்ள பெண்களே அவசரத்தில் நெல்லைப் பிடுங்கிவிடுவார்கள்.”

அன்றிரவு வீட்டில் உரைகளைப் புரட்டினேன். ‘கொலையிற்’ என்ற சொல்லைப் பரிமேலழகர் ‘ஒறுத்தல்’ என்பதோடு கூட்டி, கொடியவர்களைக் கொலையால் தண்டித்தல் என்று பொருள் கொள்கிறார். அதையே ‘கொடியாரை’ என்பதோடு சேர்த்தால், கொலையில் கொடியவர்களைத் தண்டித்தல் என்று மட்டுமே ஆகும். ஒறுத்தல் என்ற சொல்லில் சாவு இல்லை. ஓர் உயிர் ஒரு சொற்புணர்ச்சியின் மேல் நிற்கிறது என்பதை, முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்திய பிறகு அன்றுதான் உணர்ந்தேன். (களை உவமை பரிமேலழகரின் உரைக்கே வலு சேர்க்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், வள்ளுவரை என் பக்கம் இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.)

ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது; தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றமும் அன்றே தீர்மானம் நிறைவேற்றியது. மூவரில் ஒருவரான பேரறிவாளன் தந்த வாக்குமூலத்தில், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாம் பதிவு செய்யவில்லை என்று, அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே ஓய்வுபெற்ற பின் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். குறித்த நாளில் தூக்கு நடந்திருந்தால், அந்த அதிகாரியின் சொல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

மறைக்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்:

ஐயா, உங்கள் மாணவர் சொன்ன வயல் எங்கள் மறைநூலிலும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், களைகளைப் பறிக்கட்டுமா என்று பணியாளர்கள் கேட்கிறார்கள். பறித்தால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்று தலைவர் தடுத்துவிடுகிறார். அந்த உவமையைப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லிவந்திருக்கிறேன்.

சொற்சிக்கல் எங்களுக்கும் உண்டு. ‘கொலை செய்யாதே’ என்ற கட்டளையில் உள்ள எபிரேயச் சொல் ‘ரத்சாக்’. அது சட்டவிரோதக் கொலையை மட்டுமே குறிக்கும், ஆகவே தூக்குக்குத் தடையில்லை என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் எண்ணிக்கை நூல் 35ஆம் அதிகாரம், கொலைகாரன் சாட்சிகளின் சொல்லால் கொல்லப்பட வேண்டும் என்று விதிக்கும் இடத்திலும் அதே வினைச்சொல்லைத்தான் ஆள்கிறது. எங்கள் திருச்சபையும் நெடுங்காலம் மரண தண்டனைக்கு இடம் கொடுத்தது. 2018 ஆகஸ்டில்தான் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துரைக்கும் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணைத் திருத்தி, அது ஏற்கத்தக்கதன்று என்று எழுதச் செய்தார்.

அந்தத் திருத்தத்தை வகுப்பில் வாசித்த ஞாயிறன்று, மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய் ஒருவர் பேத்தியை அழைத்துச் செல்ல வாசலில் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “திருத்தந்தை அவனுக்காகப் பேசிவிட்டார். என் பிள்ளைக்காக எந்த எண்ணில் எழுதியிருக்கிறது, டீச்சர்?” என்று கேட்டார். திருத்தம் சரியானது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இருக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் வீட்டுக்குப் போய் வருகிறேன். அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

கொழும்பிலிருந்து ஒருவர்:

எங்கள் நாட்டில் பௌத்தர்கள் நாள்தோறும் ஏற்கும் ஐந்து சீலங்களில் முதலாவதே உயிர்க்கொலை தவிர்த்தல். பிரதமர் பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மரண தண்டனையை இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். மரண தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டது. அந்த சோமராம தேரர், தூக்கிலிடப்படுவதற்கு முன்னர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று, 1962இல் வெலிக்கடைச் சிறையில் உயிர்விட்டார். கடைசித் தூக்கு நடந்தது 1976இல்; தண்டனை மட்டும் இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் வசித்த சிங்களப் பெரியவர் ஒருவர் இளவயதில் சிறைக்காவலராக இருந்தவர். தூக்குக்கு முதல்நாள் கைதியின் எடையை நிறுத்துப் பார்த்து, அந்த நிறைக்குச் சரியாகச் சாக்கில் மணல் நிரப்பிக் கட்டி, கயிறு தாங்குமா என்று பார்ப்பதற்குக் கொடுப்பது அவருடைய வேலை. மனிதனை அவர் தொட்டதில்லை. ஆயினும் ஒரு பௌர்ணமி நாளில் விகாரைக்குப் போய், மணல் நிரப்பியது முதலாம் சீலத்தை மீறுவதாகுமா என்று கேட்டிருக்கிறார். கொலை நிறைவேற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று பிக்கு விளக்கினாராம்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் சாவு நேர்தல். அவற்றில் எவை உம்முடையவை என்று நீரே எண்ணிப் பாரும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

“நான்கு எனக்கு உண்டு. மூன்றாவது என்னுடையதா, அரசாங்கத்தினுடையதா என்று இன்னும் தெரியவில்லை” என்று அவர் என்னிடம் சொன்னபோது எண்பது வயதை நெருங்கியிருந்தார்.

2019 பெப்ரவரியில் அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், பதவிக்கு இருவர் தேவை என்று சிறைச்சாலைத் திணைக்களம் விளம்பரம் செய்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஜூன் மாதம் சனாதிபதி சிறிசேன நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டார். எங்கள் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. விளம்பரம் வந்த அன்று பெரியவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு முறை வாசித்தார். “இரண்டு பேரைத்தான் கேட்டிருக்கிறார்கள். மணல் நிரப்ப ஆள் கேட்கவில்லையே” என்றார்.