எஸ்.டி.பி. தண்ணீரை ஃப்ளஷ்ஷுக்கு விட்டால் நாற்றம், மஞ்சள் நிறம்: குளோரின் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: ஓ.எம்.ஆர்_அடுக்ககம்

வணக்கம். 110 வீடுகள், சுமார் 400 பேர். மெட்ரோ தண்ணீர் இணைப்பு இல்லை, போரும் லாரியும்தான். ஃப்ளஷ்ஷுக்குத் தனி லைன் இருந்தும் அதிலும் போர் தண்ணீர்தான் ஓடுகிறது. எஸ்.டி.பி. (வளாகத்துச் சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரைத் திருப்பிவிட்டால் இரண்டு நாளில் சிஸ்டர்னில் அழுகிய முட்டை நாற்றம், மஞ்சள் நிறம். அதனால் நிறுத்திவிட்டு, சுத்திகரித்த தண்ணீரை லாரி வைத்து வெளியேற்றுகிறோம். வாங்கவும் காசு, தள்ளவும் காசு. ஆபரேட்டர் குளோரினைக் கூட்டச் சொல்கிறார். சரிவருமா? எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: நீர்க்கணக்கு

முதலில் கணக்கு. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54 ஆயிரம் லிட்டர். அதில் ஃப்ளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர், மொத்தம் 18 ஆயிரம். வாங்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 ஆயிரம் லிட்டர் லாரி ஒன்றரை, தினமும் குறையும்.

ஒரு நகரத்துக்குள் வரும் பொருள்களிலேயே எடையில் பெரியது தண்ணீர்தான். 1965-ல் ஏபல் வோல்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 10 லட்சம் பேர் வாழும் கற்பனை அமெரிக்க நகரம் ஒன்றுக்கு ஒரு நாள் கணக்குப் போட்டார்: உணவு 2,000 டன், எரிபொருள் 9,500 டன், தண்ணீர் 6,25,000 டன். அந்தத் தண்ணீரில் 5,00,000 டன் சாக்கடையாக வெளியே போனது. உங்கள் வளாகத்திலும் இதே கதைதான்: 54 உள்ளே வந்தால் 45 ஆயிரத்துக்குக் குறையாமல் எஸ்.டி.பி.க்குப் போகும். ஃப்ளஷ்ஷுக்கு 18, தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் 1,500 சதுர மீட்டருக்கு 6. மீதி 20 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

அந்த மீதியை மழைநீர்க் கிணற்றில் மட்டும் விடாதீர்கள். நைட்ரேட்டும் கிருமியும் உங்கள் போருக்கே திரும்பி வரும். போர், லாரி சம்ப், எஸ்.டி.பி. வெளியேற்றம், ஃப்ளஷ் டேங்க் நான்கிலும் மீட்டர் வையுங்கள். மீட்டர் இல்லாமல் பேசுவதெல்லாம் ஊகம்.

பதில்: ஏரேஷன்

குளோரின் இதற்கு மருந்தில்லை. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. எங்கோ ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. இரவில் ப்ளோயரை (காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்துகிறார்களா?

ஏரேஷன் டேங்க் (நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் தொட்டி) தண்ணீரை ஒரு லிட்டர் அளவு ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். சாக்லேட் பழுப்பில் 250 முதல் 350 மில்லி வரை படிந்து, மேலே தெளிந்து நின்றால் நல்ல நிலை. கறுப்பாக இருந்தால் காற்று போதவில்லை. 100 மில்லிகூடத் தேறவில்லை என்றால் நுண்ணுயிர் போதாது. படிந்தது ஒரு மணி நேரத்திலேயே கட்டியாக மேலே மிதந்தால், க்ளாரிஃபையரில் (சகதி படியும் தொட்டி) சகதி அதிக நேரம் தங்குகிறது. அதை ஏரேஷன் டேங்குக்குத் திரும்ப அனுப்பும் பம்பை இன்னும் ஓட்டுங்கள். ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது.

குளோரின் ஏன் எடுபடவில்லை என்றால், அதை அம்மோனியா தின்றுவிடுகிறது. நல்ல தண்ணீராக இருந்தால் 18 ஆயிரம் லிட்டருக்கும் சேர்த்து, லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் 90 கிராம் குளோரின், அதாவது 10 சதவீத ஹைப்போ (திரவக் குளோரின் கரைசல்) 900 மில்லி போதும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா மிச்சமிருந்தால் அதைப்போல் எட்டுப் பத்து மடங்கு குளோரின் வேண்டும். அப்போது ஹைப்போ 15 லிட்டரைத் தாண்டும். அம்மோனியாவை ஏரேஷனிலேயே தீர்ப்பதுதான் மலிவு. ஹைப்போ கேனை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும்.

மஞ்சள் நிறம் கரைந்த கரிமம். கார்பன் ஃபில்டரில் கரி தீர்ந்திருக்கும். குளோரினைக் கார்பனுக்குப் பிறகே சேருங்கள். முன்னால் சேர்த்தால் கரி அதை உறிஞ்சிவிடும். ஃப்ளஷ் டேங்கில் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கக்கூடாது. கலங்கல் 2 என்.டி.யூ.வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு), மிச்சக் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும்.

ஓ.எம்.ஆர்_அடுக்ககம்

கரண்ட் பில்லுக்காக ப்ளோயர் இரவு 11 முதல் 5 வரை நிற்கிறது! சாஃப்ட்னர் (கடினநீரை மென்மையாக்கும் கருவி) கழுவும் உப்புத் தண்ணீரும் எஸ்.டி.பி.க்குத்தான் போகிறது. தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகாதா?

பதில்: குழாய்வரைபடம்

ஆறு மணி நேரம் நிறுத்துவதை இன்றே விடுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த வேண்டுமானால் 45 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்துங்கள், அல்லது வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

உப்பு ஓரளவு ஏறும், பிறகு நின்றுவிடும். வீட்டுப் புழக்கத்தில் ஒரு சுற்றுக்கு உப்பு 300 பி.பி.எம். (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) கூடுகிறது என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்குதான் திரும்ப வருகிறது, மூன்றில் இரண்டு பங்கு புதுத் தண்ணீர். 300-ஐ மூன்றில் இரண்டால் வகுத்தால் 450. போர் 1,000 என்றால் 1,450-ல் நிலைக்கும். ஃப்ளஷ்ஷுக்கு அது போதும், ஆர்.ஓ. தேவையில்லை. சாஃப்ட்னர் உப்புநீர் அந்த 300-ஐத்தான் பெருக்கிவிடும். தனித் தொட்டியில் பிரித்துவிடுங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு 45 மில்லியன் லிட்டர் வீதம் சென்னைச் சாக்கடை நீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய் ஆலைகளுக்குக் கொடுப்பதற்குக் காரணம், பாய்லரும் கூலிங் டவரும் உப்பைத் தாங்காது என்பதே.

திறப்பதற்கு முன் குழாய்க் கலப்பு பாருங்கள், இதில் சமரசமே கூடாது. ஃப்ளஷ் லைனில் எஸ்.டி.பி. தண்ணீரைச் சோதனைக்கு விட்டு, டி.டி.எஸ். மீட்டரோடு (கரைந்த உப்பை அளக்கும் கருவி) வீடு வீடாகப் போய்ச் சமையலறைக் குழாயையும் ஹெல்த் ஃபாசெட்டையும் (கழிவறைக் கைத்தூவி) அளந்தால், கலந்த இடத்தில் எண் எகிறும். ஹெல்த் ஃபாசெட்டை ஃப்ளஷ் லைனில் மாட்டிவிடும் பிளம்பர்கள் உண்டு, அங்கேதான் முதலில் தேடுங்கள். ஃப்ளஷ் டேங்குக்கு போர் தண்ணீர் நிரப்பும் குழாயின் வாய், ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேல் குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் பின்னோக்கிப் போவதைத் தடுக்க வால்வை நம்ப வேண்டாம்.

முதலில் கிளப் ஹவுஸ் கழிவறையும் ஒரே ஒரு பிளாக்கும். ஒரு மாதம் ஜாடிச் சோதனை, குளோரின் இரண்டையும் தினமும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த பிளாக்குக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் சம்மதிப்பார்கள்.