அலமாரியில் ஒன்று, மலைவீட்டில் ஒன்று: 1996ஆம் ஆண்டுப் போர்தோவை எப்படித் திறப்பது?

செவ்வந்தி (சேன் தெனி)

அனைவருக்கும் வணக்கம். காலஞ்சென்ற என் மாமனார் ஆசையாக வாங்கி வைத்திருந்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்களில் மூன்று புட்டிகள் எஞ்சியுள்ளன. இரண்டு, போர்தோ பகுதியின் சேன் ஜூலியேன் ஊரில் 1996ஆம் ஆண்டு விளைந்தவை; மற்றொன்று பூர்கோஞ் பகுதியின் ழெவ்ரே ஷம்பெர்த்தேன் ஊரில் 1999ஆம் ஆண்டு விளைந்தது. சேன் ஜூலியேனில் ஒன்று இங்கே ரெயூனியோன் தீவில், எங்கள் சேன் தெனி வீட்டின் சமையலறை அலமாரியில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மற்ற இரண்டும் மலைமேல் ப்ளேன் தே காஃப்ரில் உள்ள மாமனாரின் வீட்டில், படிக்கட்டுக்கு அடியில் படுக்கை நிலையில் கிடக்கின்றன.

மலைவீட்டிலிருந்த இன்னொரு 1996ஐக் கடந்த டிசம்பரில் கீழே கொண்டுவந்து, பழைய ஒயினுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பிக் காலையிலேயே கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தோம். மதியம் காப்ரி மசாலே என்ற ஆட்டுக்கறி மசாலாவுடன் பரிமாறியபோது மணமும் இல்லை, சுவையும் இல்லை. கடைசிக் குவளையில் மண்டி பல்லில் நறநறத்தது. கெட்டுப்போன ஒயின் என்று என் கணவர் முடிவுகட்டிவிட்டார். எனக்கு அதில் ஐயம் உண்டு. நாத்தனார் தீமிதி விரதத்தில் இருப்பதால், விரதம் முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்க எண்ணியிருக்கிறோம். அதற்குள் முறையை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மலைக்காற்று (லெ தாம்போன்)

வணக்கம் சகோதரி. உங்கள் ஐயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இளம் போர்தோவைக் குடுவையில் ஊற்றிச் சில மணி நேரம் விடுவது அதன் துவர்ப்பைத் தணிப்பதற்காக. கொட்டை நாவல்பழத்தைத் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமல்லவா, அந்தத் துவர்ப்புதான் கபெர்னே சோவிஞோன் திராட்சையின் இளம் ஒயினில் இருக்கும் டானின். ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, பெரிய மூலக்கூறுகளாகி, அடியில் மண்டியாகப் படிந்துவிடுகின்றன. ஆகவே முதிர்ந்த புட்டியில் காற்றைக் கொண்டு தணிக்க வேண்டிய துவர்ப்பு அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. மிஞ்சியிருக்கும் மெல்லிய மணமும் அரை நாள் திறந்த குடுவையில் கிடந்தால் பறந்துவிடும்.

இனி அலமாரிப் புட்டியைப் பற்றி. நல்ல நிலவறையின் வெப்பநிலை 12 முதல் 14 பாகை வரை. கோடையில் சேன் தெனி வீட்டுக்குள் 30 பாகை சாதாரணம். அந்த வெப்பத்தில் ஒயின் முதிர்வதில்லை, வேகிறது. ஆண்டையும் ஊர்ப்பெயரையும் பார்ப்பதற்கு முன் ஒயினின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்தின் அடிப்பகுதி வரை இருந்தால் இந்த வயதுக்கு மிக நன்று. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் கவலைக்குரியது. மேலுறைக்கு அடியில் பிசுபிசுப்போ, தக்கை மேலே தள்ளியிருப்பதோ தெரிந்தால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது மனத்துக்கு நல்லது.

பழம்புளி (சேன் பியேர்)

உணவகங்களில் பல ஆண்டுகள் ஒயின் பரிமாறியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். ப்ளேன் தே காஃப்ரிலிருந்து அந்த வளைவுச் சாலையில் புட்டியைக் கீழே கொண்டுவந்தால், அடியில் படிந்த மண்டி முழுவதும் கலங்கிவிடும். டிசம்பரில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். முடிந்தால் மலைவீட்டிலேயே திறந்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு நாள் புட்டியை நிமிர்த்தி வையுங்கள். நம் முன்னோர் மதுவைத் தேறல் என்று அழைத்ததே தெளிந்தது என்ற பொருளில்தான். தெளிவதற்கு அவகாசம் தர வேண்டும்.

பழைய தக்கை உதிரும் இயல்புடையது. திருகுக்கம்பி அதன் நடுவைத் துளைத்துப் பொடியாக்கிவிடலாம். தக்கையின் இருபுறமும் நுழையும் இரட்டைத் தகடுக் கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோ கைவிளக்கோ வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராகக் குடுவையில் ஊற்றுங்கள். மண்டியின் கருநிற இழை கழுத்தை நெருங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை ஒயின் வீணாவதைப் பார்த்து மனம் கேட்காது, ஆனாலும் விட்டுவிடுங்கள். ஊற்றியவுடன் குடிக்கத் தொடங்கலாம். ழெவ்ரே மட்டும் வேறு. அது பினோ நுவார் திராட்சையில் செய்தது. மண்டியும் குறைவு, மணமோ இன்னும் மென்மையானது. அதைக் குடுவைக்கு மாற்றாமல் புட்டியிலிருந்தே மெதுவாக ஊற்றுவேன்.

அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, குளிர்ந்த பிரெஞ்சு வீடுகளின் 17, 18 பாகை அறைக்குச் சொல்லப்பட்டது. நம் கடற்கரை அறைக்கு அது பொருந்தாது. 28 பாகையில் ஒயினின் மணத்தை முந்திக்கொண்டு சாராய நெடி மூக்கில் ஏறும்.

கரும்புத்தோட்டம் (சேன் அந்த்ரே)

காப்ரி மசாலேயை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மிளகாயும் மசாலாவும் பட்ட நாக்குக்கு முதிர்ந்த ஒயின் வெறும் புளித்தண்ணீர்தான். வெறும் உப்பும் மிளகும் போட்டு வாட்டிய கோழியும் கொஞ்சம் காளானும் போதும். மசாலேயை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அது இன்னும் சுவையாக இருக்கும்.

இன்னொன்று, பழமணத்தைத் தேடாதீர்கள். புதுப்புளியின் வெடுக்கென்ற புளிப்பைப் பழம்புளியில் யாரும் தேடுவதில்லை. (மேலே எழுதிய பெரியவர் பெயரைப் பார்த்ததும் இந்த உவமை தோன்றியது, பொறுத்துக்கொள்ளவும்.) தோல், புகையிலை, மழைக்குப் பிந்தைய காட்டு மண் ஆகியவைதான் முதிர்ந்த போர்தோவின் மணங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் மட்டும் அது தக்கையின் நோய், அதற்கு மருந்தில்லை.

செவ்வந்தி (சேன் தெனி)

விரதம் முடிந்து, சென்ற ஞாயிறு மலைவீட்டுக்குச் சென்றோம். இரண்டு சேன் ஜூலியேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். அலமாரிப் புட்டியின் தக்கை பக்கவாட்டில் மேல்வரை கறைபட்டிருந்தது. ஒயின் அடிப்பிடித்த பழக்கூழ் போல் மணத்தது. ஒரு வாய்க்கு மேல் யாரும் குடிக்கவில்லை.

படிக்கட்டுப் புட்டியின் மட்டம் கழுத்தடியில் சரியாக நின்றது. வெள்ளைத் துணியின்மேல் குவளையைச் சாய்த்தபோது நடுவில் மாதுளைச் சிவப்பும் விளிம்பில் ஓட்டு நிறமும் தெரிந்தன. முதலில் ஈர மண் மணம் மட்டுமே வந்தது. இருபது நிமிடம் கழித்துப் பென்சில் சீவிய தூளின் வாசனையும், அதன் பின்னால் எங்கோ காய்ந்த கருந்திராட்சையும். துவர்ப்பு நாக்கைப் பிடிக்கவில்லை, ஆனால் விழுங்கிய பிறகும் நெடுநேரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மணம் தணியத் தொடங்கியது. அதற்குள் குடுவையும் காலியாகிவிட்டது. டிசம்பர்ப் புட்டியைப் பற்றிய தம் தீர்ப்பை என் கணவர் திரும்பப் பெற்றுக்கொண்டார், சற்றுத் தாமதமாக.

ழெவ்ரேயை எடுத்து வரவில்லை. நாத்தனாரின் பிறந்தநாள் ஜூலையில் வருகிறது. அன்று அங்கேயே திறப்போம்.