பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் எடை குறைந்துகொண்டே வருகிறது: வயதின் காரணமா, கவனிப்பின் குறையா?

சேரன்மகாதேவிக்காரன்:
71 வயதான என் தந்தையாருக்கு ஏழு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் செயலிழந்தன. வீட்டுக்கு அழைத்து வந்தபோது 62 கிலோ இருந்தார். நேற்று அவரைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன்; 56 கிலோதான் வந்தது. காலையும் இரவும் அரிசிக்கஞ்சி கொடுக்கிறோம். மதியம் குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து வைத்தால், தட்டின் வலப்பக்கத்தில் இருப்பதை மட்டும் உண்டுவிட்டு, இடப்பக்கத்தைத் தொடாமலே கையைக் கழுவ வேண்டும் என்கிறார். பிசியோதெரபி கொடுக்க வருபவரோ, அப்பா பத்தே நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறார் என்கிறார். வயதானால் பசி குறையத்தான் செய்யும் என்று உறவினர்கள் தேற்றுகிறார்கள். என் மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை:
தம்பி, உங்கள் மனம் ஒப்பாததுதான் சரி. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீத எடை தானாகக் குறைந்தாலே ஊட்டச்சத்துக் குறைவின் அபாயம் என்று நாங்கள் குறித்துக்கொள்வோம். உங்கள் தந்தையாருக்கு ஏழு வாரத்திலேயே ஏறத்தாழ பத்து சதவீதம் போய்விட்டது. உண்ணாத உடம்பு தசையைத்தான் கரைக்கும். அப்புறம் எந்தப் பயிற்சியைத் தாங்கும்?

தட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இடது கையும் காலும் செயலிழந்தால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் வலப்புறத்தில் இருக்கும். அப்படி வலப்புறம் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குக் கண் தெரிந்தாலும் இடப்பக்கம் கவனத்தில் பதிவதில்லை. அப்படியானால் அவர் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை தட்டு காலியாகிவிட்டது. பாதி உண்டதும், மிச்சம் வலப்பக்கம் வரும்படி தட்டைச் சுற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது விழுங்கும் திறன். தண்ணீர் குடித்ததும் இருமல் வருகிறதா, குரல் சளி கட்டியதுபோல் மாறுகிறதா, இடது கன்னத்துக்குள் பருக்கை தங்குகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும், விழுங்குவதையும் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்ட வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருவதும் உண்டு. நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுங்கள். உண்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாமல், வாயையும் பல்லையும் துடைத்துவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அவருக்கு நாளொன்றுக்கு 67 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிண்ணம் நீர்த்த அரிசிக்கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் தேறினாலே அதிகம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது.

முக்கூடல் மருமகள்:
அண்ணாச்சி, என் மாமியாருக்கும் இப்படித்தான் நேர்ந்தது. சத்தாக இருக்கட்டும் என்று நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அவர் திணறியதை இன்று நினைத்தாலும் நடுங்குகிறது. விழுங்கும் திறனைப் பரிசோதித்த பிறகு கெட்டித் தயிர், மசித்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். உடல் இளைத்ததில் பல்செட் தளர்ந்து ஆடியதும் அவர் சாப்பிடாததற்கு ஒரு காரணம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சேரன்மகாதேவிக்காரன்:
அக்கா, இன்று மதியம் தட்டைத் திருப்பி வைத்தேன்; "இன்னும் வைத்தாயா?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் உண்டார். ஆனால் காபி குடிக்கும்போது இரண்டு முறை இருமினார். உணவு செலுத்த மூக்கில் குழாய் போட்டுவிடுவார்களோ என்று அம்மா அஞ்சுகிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை:
நீர்த்த பானம்தான் வேகமாக வழுக்கிப் போய் மூச்சுக்குழாயில் இறங்கும். ஆகவே காபியை நிறுத்திவையுங்கள். நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தண்ணீர், மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் இன்றே போனில் கேளுங்கள். குழாய் தேவைப்பட்டாலும், விழுங்கும் திறன் திரும்பியதும் எடுத்துவிடுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். போகும்போது எடையைக் குறித்த தாளையும் பல்செட் இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.