இன்ஃபர்மேட்டிவ் இணைப்புக்குள் ஒரு 'ஷல்': திருத்தமா, புதிய பதிப்பா?

ஸ்பெசிஃபிகேஷன் எழுதிப் பழகியவர்கள் உதவுங்கள்.

எங்கள் சென்சார்-கேட்வே தகவல் பரிமாற்ற ஆவணம், பதிப்பு 1.2. தர ஆவணங்களை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ/ஐஇசி டைரக்டிவ்ஸ் பகுதி 2-இன் நடையில் எழுதியது. பைட் வரிசை (ஓர் எண்ணின் எந்த பைட்டை முதலில் அனுப்புவது) பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம்தான். அதுவும் 'இன்ஃபர்மேட்டிவ்' (தகவலுக்கு மட்டும்) என்று தலைப்பிட்ட இணைப்பு பி-யில் (அனெக்ஸ்), கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதிக மதிப்புடைய பைட் முதலில் வர வேண்டும் என்கிறது. புதிய சப்ளையர் தலைகீழாகச் செய்துவிட்டார். 25 என்று வர வேண்டிய வெப்பநிலை கேட்வேயில் 6400 என்று வருகிறது. கேட்டால், இன்ஃபர்மேட்டிவ் பகுதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

முதன்மைப் பகுதியில் தேடினேன். "இணைப்பு பி-ஐப் பார்க்கவும்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே ஒரு குறிப்பாக (நோட்) அந்த விதியைச் சேர்க்கலாம் என்று வரைவு எழுதினேன். குறிப்புகளில் கட்டாய விதி வரக்கூடாது என்று டைரக்டிவ்ஸே சொல்வதால் ரிவ்யூவில் தள்ளிவிட்டார்கள், சரிதான். 'ஷல்', 'மஸ்ட்' போன்ற சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2119-ஐக் காட்டு என்றார் ஒருவர். எங்கள் ஆவணம் அதை மேற்கோள் காட்டவே இல்லை. அதைத் தெளிவுபடுத்தி 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8174-உம் பெரிய எழுத்தில் வரும் சொற்களுக்குத்தான் அந்தத் தனிப்பொருள் என்கிறது. இணைப்பின் தகுதியைப் பற்றி அதில் பேச்சில்லை.

பழைய சப்ளையரின் கருவிகள் இணைப்பில் உள்ளபடியே களத்தில் ஓடுகின்றன. மாத இறுதிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அந்த விதியை நார்மேட்டிவ் (கட்டுப்படுத்தும்) பகுதிக்கு மாற்றுவதை 1.2-க்கான பிழைதிருத்தமாக வெளியிடலாமா, அல்லது தொழில்நுட்ப மாற்றமாகக் கருதிப் புதிய பதிப்பே கொண்டுவர வேண்டுமா?