எர்மான்னோ ஓல்மி: அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

வெண்திரை வாசகி:
நேற்று ராத்திரி ஓல்மியின் ‘இல் போஸ்தோ’ பார்த்தேன். 1961இல் வந்த படம். மேதா என்கிற ஊர்ப் பையன் தொமேனிக்கோ மிலானில் ஒரு பெரிய கம்பெனிக்கு வேலைத் தேர்வு எழுதப் போகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் தூக்கம் வரவில்லை. தேர்வுக்கு வந்த அந்தோனியெத்தாவோடு காபி குடிக்கிறான். குடித்து முடித்த கோப்பையை எங்கே வைப்பது என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. அந்தத் தவிப்பு எனக்கு அப்படியே புரிந்தது. கடைசியில் ஒரு குமாஸ்தா செத்துப்போனதால்தான் இவனுக்கு மேசை கிடைக்கிறது. அலுவலகத்தில் பிரதி எடுக்கிற ரோனியோ மெஷினின் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

இத்தாலியப் படம் என்றால் எனக்கு ஃபெல்லினியும் தெ சிக்காவும்தான் தெரியும். இவர் யார்? அடுத்து எதைப் பார்க்கலாம்? மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் ஒன்று இருக்கிறதாமே, அதை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பழைய ரீல்:
1931இல் பெர்கமோவில் பிறந்தவர், 2018 மே மாதம் ஆசியாகோவில் காலமானார். நீங்கள் சொல்லும் நீளமான படம் ‘லால்பெரோ தெல்யி ஸொக்கோலி’. கட்டைச் செருப்பு மரம் என்று சொல்லலாம். 1978இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை வாங்கியது. 1988இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது ‘புனிதக் குடிகாரனின் கதை’. போருக்குப் பிறகு சாதாரண மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய இத்தாலிய சினிமாப் போக்கான நியோரியலிசத்தின் கடைசி வாரிசு என்று இவரைச் சொல்வார்கள். இன்னொரு செய்தி: அந்தோனியெத்தாவாக நடித்த லொரெதானா தெத்தோதான் பிற்பாடு ஓல்மியின் மனைவி.

வெட்டு ஒட்டு:
நான் எடிட்டிங் வேலை பார்க்கிறவன். ஓல்மியை இருபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பழைய ரீல் சார் சொன்ன விவரமெல்லாம் சரிதான். ‘வாரிசு’ என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஓல்மி சினிமாவிலிருந்து சினிமாவுக்கு வந்தவர் அல்ல, வேலையிலிருந்து வந்தவர்.

அப்பா ரயில்வேத் தொழிலாளி. போர்க்காலத்தில் இறந்துபோனார். அம்மா எடிசன் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். பையனும் அங்கேயே சேர்ந்தான். அந்தக் கம்பெனிக்காக அணை கட்டுவது, மின்கம்பி இழுப்பது என்று சுமார் 40 ஆவணப்படங்கள் எடுத்தார். முதல் முழுநீளப் படம் ‘இல் தெம்போ ஸி எ ஃபெர்மாதோ’ (1959) கூட கம்பெனிக்கான குறும்படமாகத் தொடங்கியதுதான். பனிமலையில் பாதி கட்டி நிற்கும் அணைக்கு ஒரு கிழவரும் ஒரு மாணவனும் காவல் இருக்கிறார்கள். வேறு சம்பவமே கிடையாது. அலுக்கவும் இல்லை.

அத்தனை வருஷம் வேலை செய்யும் கைகளைப் படம் பிடித்தவருக்கு, ஒரு காரியம் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கும். கட்டைச் செருப்புப் படத்தில் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் நான்கையும் அவரே செய்தார். அது திரையில் தெரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் சின்னப் பையன் மினெக்கின் கட்டைச் செருப்பு பிளந்துவிடுகிறது. அப்பா பத்திஸ்தி ஓடைக்கரைக்குப் போய் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து கட்டையைச் செதுக்குகிறார். இந்தக் காட்சி என் மேசைக்கு வந்திருந்தால் பாதியை வெட்டியிருப்பேன். ஓல்மி வெட்டவில்லை. அதனால்தான் ஒரு ஜோடி செருப்புக்கு எவ்வளவு உழைப்பு போகிறது என்பது நமக்குத் தெரிகிறது. பின்னால் அந்த ஒரு மரத்துக்காக என்ன நடக்கிறது என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நடித்தவர்கள் எல்லாருமே பெர்கமோ பக்கத்துக் குடியானவர்கள், பேசுவது அவர்களுடைய வட்டார மொழி. மற்ற இத்தாலியர்களுக்கே அது லேசில் புரியாது. நேரம் பற்றிப் பயப்படாதீர்கள். முதல் அரைமணி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள்:
எனக்கு அந்தப் படத்தோடு ஒரு கணக்குத் தீரவில்லை. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு பண்ணைக்காரருக்கு என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் மூன்று மணி நேரத்தில் ஒருத்தர்கூட எதிர்த்து வாய் திறப்பதில்லை. ஜெபமாலை சொல்கிறார்கள், அழுகிறார்கள். ரெண்டு வருஷம் முன்னால் வந்த பெர்தொலுச்சியின் ‘நோவெசென்தோ’வில் அதே வட இத்தாலிக் குடியானவர்கள் பண்ணையாரை எதிர்த்து எழுந்து நிற்கிறார்கள். ஓல்மியின் பக்தி அவர் கண்ணை மறைத்துவிட்டதோ?

வெட்டு ஒட்டு:
நியாயமான கேள்விதான். நானும் முதல் தடவை இதே கோபத்தோடுதான் எழுந்தேன். அப்புறம் திருவிழாக் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். மேடையில் ஒருவர் சமத்துவம் பற்றிப் பேசுகிறார். கூட்டத்தில் நிற்கும் ஃபினார்த் என்கிற குடியானவரின் கண் தரையில் கிடக்கும் ஒரு தங்கக்காசின் மேல் விழுகிறது. பேச்சு காதில் ஏறவே இல்லை. காசை எடுத்துக்கொண்டு போய்க் குதிரைக் குளம்பில் ஒளித்துவைக்கிறார். புதுமணத் தம்பதி படகில் மிலான் போகும்போது, கைதானவர்களைச் சங்கிலியில் கட்டி நடத்திப்போவதைப் பார்க்கிறார்கள். அது 1898. ரொட்டி விலை ஏறி, மக்கள் தெருவுக்கு வந்து, ராணுவம் சுட்ட வருஷம். அவர்கள் பார்க்கிறார்கள், ஒதுங்கிப் போகிறார்கள். போராட்டம் நடக்கிறது என்பது ஓல்மிக்குத் தெரியும். அது இந்தப் பண்ணை வீட்டுக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பதைத்தான் காட்டுகிறார்.

கடைசியில், பண்ணைக்காரருடைய மரத்தை வெட்டியதற்காக வெளியேற்றப்பட்ட பத்திஸ்தி குடும்பம் வண்டியில் சாமான் ஏற்றும்போது அக்கம்பக்கத்தார் ஒருத்தரும் வெளியே வருவதில்லை. பக்தி மட்டும் கண்ணை மறைத்திருந்தால் நாலு பேர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவதாக அல்லவா எடுத்திருப்பார்? வண்டி கிளம்பிய பிறகுதான் வெளியே வந்து நிற்கிறார்கள். இருட்டில் லாந்தர் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போகிறது. பயந்தவர்களைப் பயந்தவர்களாகவே காட்டியிருக்கிறார், அவர்கள் மேல் அன்பு குறையாமல்.

செங்காந்தள்:
அந்தக் காசு விஷயத்தை நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பேச்சோடு சேர்த்து யோசிக்கவில்லை. கோபம் போகவில்லை, ஆனால் திரும்பப் பார்க்கிறேன்.

வெண்திரை வாசகி:
ஞாயிற்றுக்கிழமை கட்டைச் செருப்புப் படத்துக்கே உட்கார்ந்துவிடுகிறேன். என்னிடம் இருக்கும் பிரதியில் ரெண்டு ஒலித்தடம் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

வெட்டு ஒட்டு:
பெர்கமோ மொழியே வையுங்கள். பொது இத்தாலியனில் பேசும்போது அவர்கள் பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கும். அது முடிந்ததும் ‘ஈ ஃபிதன்ஸாதி’ (1963) பாருங்கள். மிலான் தொழிலாளி ஒருவன் நிச்சயித்த பெண்ணை விட்டுவிட்டுச் சிசிலிக்கு வேலைக்குப் போகிறான், கடிதங்களில்தான் அவர்கள் நெருங்குகிறார்கள். இல் போஸ்தோ பிடித்த உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.